நாற்பது மில்லி நீர்

அத்தியாயம் 14

காலை ஆறே முக்காலுக்கு அப்பா கேட்டுவிட்டார், அம்மா எங்கே என்று.

பெரியவள் அவருடைய சட்டைக்குப் பொத்தான் மாட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், பெரியம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னாள். எப்போது வருவாள் என்றார். வெள்ளிக்கிழமை என்றாள். எந்த வெள்ளிக்கிழமை என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

பத்து மாதமாக இதே கேள்வி, இதே பதில்.

அம்மா இறந்த முதல் வாரத்தில் அப்பாவிடம் உண்மையை மூன்று முறை சொல்லிப் பார்த்தார்கள். மூன்று முறையும் அப்போதுதான் செய்தி கேட்கிறவர்போல நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். மறுநாள் எழுந்ததும் சமையலறைப் பக்கம் பார்த்து, "காப்பி என்னாச்சு?" என்று குரல் கொடுத்தார். நாலாவது முறை கேட்டபோது பெரியவளின் தம்பி வாய்க்கு வந்ததைச் சொன்னான்: பெரியம்மா வீட்டுக்குப் போயிருக்காங்கப்பா. சொல்லிவிட்டுப் போகக்கூடாதா என்று முனகிக்கொண்டே அப்பா டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றிலிருந்து அம்மா பெரியம்மா வீட்டில்தான் இருக்கிறாள்.

தம்பியை வீட்டில் சின்னவன் என்பார்கள். பஸ் டிப்போவில் எந்த வண்டி எந்தத் தடத்தில் போக வேண்டும் என்று பிரித்து அனுப்புகிற வேலை. பொய்யைத் தொடங்கி வைத்தவன் அவன் என்றாலும், அதைத் தினமும் சோறு போட்டு வளர்த்தவள் பெரியவள்தான். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிற வேலையை அரை நாளாகக் குறைத்துக்கொண்டு, கணவனையும் மகளையும் அவர்கள் பாட்டுக்கு விட்டுவிட்டு, அப்பா வீட்டிலேயே தங்கிவிட்டாள்.

அவள் இன்னும் அழவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள், கெட்டிக்காரி, தாங்கிக்கொண்டாள் என்றார்கள். தாங்குவதற்கு ஏதாவது வந்து விழுந்தால்தானே. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பதுபோல அவ்வப்போது தன்னைக் கிள்ளிப் பார்த்துக்கொள்வாள். ஒன்றும் தெரியாது.

மூன்று வாரத்துக்கு முன்புதான் விஷயம் வேறு பக்கம் திரும்பியது. வயதானால் மறதி வரத்தான் செய்யும் என்று எல்லாரும் கைகழுவிவிட்ட அப்பாவை, மூளை அறுவை செய்கிற ஒரு டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனார்கள். குள்ளமான பெண்மணி, வார்த்தைகளை அளந்துதான் பேசுவார். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் வைத்து விளக்கினார். மூளைக்குள் சின்னச் சின்ன அறைகள் இருக்கின்றன, அவற்றில் நீர் ஊறிச் சுற்றி வந்து வடிய வேண்டும், இவருக்கு வடிவது தடைப்பட்டு அறைகள் வீங்கிச் சுற்றிலும் அழுத்துகின்றன என்றார். கால் தரையோடு ஒட்டிக்கொண்டாற்போல நடப்பது, சிறுநீரை அடக்க முடியாதது, மறதி, மூன்றும் சேர்ந்து வந்தால் இந்த நோயாக இருக்கலாமாம்.

அந்த நீரை வடித்தால் சரியாகிவிடுமா என்று சின்னவன் கேட்டான். வடித்துத்தான் பார்க்க வேண்டும் என்றார். முதலில் முதுகு வழியாகக் கொஞ்சம் எடுப்போம். நடை தேறினால், தலையில் குழாய் வைத்து நிரந்தரமாக வடிய வழி செய்யலாம்.

அந்தச் சோதனைக்குத்தான் இன்றைக்குப் புறப்பட்டார்கள்.

ஆஸ்பத்திரி லிஃப்ட் வாசலில் அப்பாவின் கால் நின்றுவிட்டது. முப்பத்துநாலு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த மனிதர். கதவு திறந்து மூடித் திறந்தது. பின்னால் நின்றவர்கள் செருமினார்கள். உடம்பு முன்னால் சாய்ந்ததே தவிரப் பாதம் எழும்பவில்லை. சின்னவன் குனிந்து தன் காலை அவருக்கு முன்னால் குறுக்கே வைத்தான். "தாண்டுங்கப்பா" என்றான். தாண்டுவதற்கு ஒன்று இருந்தால் அவரால் கால் தூக்க முடியும். இது அவர்கள் தாங்களாகவே கண்டுபிடித்த வித்தை.

மூன்றாம் மாடி நடைபாதையில் தரையில் பத்து மீட்டர் இடைவெளி விட்டு இரண்டு மஞ்சள் நாடா ஒட்டியிருந்தார்கள். பிசியோதெரபிப் பெண் கையில் கடிகாரத்தோடு நின்றாள். இந்தக் கோட்டிலிருந்து அந்தக் கோடுவரை நடங்க ஐயா என்றாள். செருப்பு தரையைச் சரசரவென்று தேய்க்க, அப்பா நடந்தார். முப்பத்தொன்பது காலடி, நாற்பத்திரண்டு வினாடி. கோட்டில் திரும்பச் சொன்னபோது சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரே இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பினார்.

அப்புறம் ஒரு நிமிஷத்துக்குள் தெரிந்த மிருகங்களை எல்லாம் சொல்லச் சொன்னாள். பசு என்றார். நாய் என்றார். வெகுநேரம் கழித்து ஆடு என்றார். மறுபடி நாய் என்றார். நிமிஷம் முடிந்துவிட்டது.

பத்தரைக்கு நீர் எடுத்தார்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, முழங்காலை வயிற்றோடு மடக்கி, முதுகை வளைக்கச் சொன்னார்கள். முழங்காலைப் பிடித்துக்கொள்ளும் வேலை பெரியவளுக்கு. மரத்துப்போக ஊசி போட்டு, இடுப்புக்கு மேலே எலும்பிடுக்கில் நீள ஊசியை இறக்கினார் டாக்டர். சொட்டுச் சொட்டாகக் கண்ணாடிக் குழாயில் விழுந்தது. தூசு, கீறல், கலங்கல் பார்த்தே பழகிய கண் அவளுக்கு. அந்த நீரில் எதுவும் இல்லை. நல்ல லென்ஸ்கூட அவ்வளவு சுத்தமாக வராது.

"என்ன எடுக்கறாங்க?" என்றார் அப்பா.

"தண்ணிப்பா."

"யாருக்குக் குடிக்க?"

வெளியே வந்து இதைச் சொன்னபோது சின்னவன் சிரித்தான். அப்பா தலையிலாவது தண்ணீர் இருக்கிறது, என் தலையைத் திறந்தால் அதுவும் கிடைக்காது என்றான். சிரித்து முடித்துவிட்டு நகத்தைக் கடித்தான். மொத்தம் நாற்பது மில்லி எடுத்திருந்தார்கள், ஒரு காப்பிக் கோப்பையில் கால்வாசி. அதற்கு இவ்வளவு அதிகாரமா என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மல்லாக்கப் படுத்தபடி அப்பா தூங்கினார். சின்னவன் நாலு முறை டிப்போவுக்குப் போன் பேசினான். பெரியவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தேறிவிட வேண்டும் என்று வேண்டிக்கொள்ள நினைத்தாள். வேண்டுவதற்கு மனசு குவியவில்லை. தேறாவிட்டால் என்ன ஆகும் என்று பயப்பட முயன்றாள். அதுவும் வரவில்லை.

ஒன்றே காலுக்கு அப்பா கண்ணைத் திறந்தார். தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த லிஃப்ட் ஒவ்வொரு தடவை நிக்கும்போதும் கொஞ்சம் வழுக்கிட்டு நிக்குது. பிரேக் தேஞ்சிருக்கு. இங்கே யார்கிட்ட சொல்லணும்?"

பெரியவள் திரும்பிப் பார்த்தாள். இரண்டு வருஷமாக அவர் வாயிலிருந்து இத்தனை நீளப் பேச்சு வந்ததில்லை.

இரண்டு மணிக்கு மறுபடி மஞ்சள் நாடா. இருபத்துமூன்று காலடி, பதினெட்டு வினாடி. செருப்பு தேயவில்லை, தூக்கி வைத்தார். கடைசிக் கோட்டில் சுவரைத் தொடாமல் திரும்பி நின்று, இன்னொரு தடவை நடக்கட்டுமா என்று கேட்டார். சின்னவன் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். அப்பாவையே பார்த்துக்கொண்டு எடுத்ததில் படம் முழுக்கத் தரைதான் விழுந்திருந்தது.

மிருகங்கள் கேள்விக்கு இந்த முறை பதின்மூன்று சொன்னார். நேரம் முடிய இரண்டு வினாடி இருந்தபோது மகனைக் காட்டி, "இவனையும் சேர்த்துக்கோம்மா" என்றார்.

சின்னவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போனான். பெரியவள் அப்பாவின் செருப்பு வாரைச் சரிசெய்தாள். சந்தோஷப்பட வேண்டிய நேரம் இது என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததோடு சரி.

டாக்டர் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். பிள்ளைகளைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்துத்தான் பேசினார். மண்டையில் சின்னத் துளை போட்டு மூளை அறைக்குள் மெல்லிய குழாய் இறக்குவோம், காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் ஒரு வால்வு, அங்கிருந்து கழுத்து, மார்பு வழியாகக் குழாய் வயிற்றுக்குள் போகும், மிஞ்சுகிற நீர் அங்கே வடிந்து உடம்பிலேயே கலந்துவிடும் என்றார். ரத்தம் கசியலாம், சீழ் பிடிக்கலாம், குழாய் அடைத்துக்கொள்ளலாம் என்பதையும் மறைக்கவில்லை.

அப்பா தொழில்காரர். குழாயை விட்டுவிட்டு வால்வைப் பிடித்துக்கொண்டார். அழுத்தம் கூடக் குறைய இருந்தால் உள்ளே போனதை எப்படித் திருகுவீர்கள் என்று கேட்டார். வெளியிலிருந்தே காந்தம் வைத்துத் திருகலாம் என்று டாக்டர் சொன்னதும் அவர் கண் விரிந்தது. யாரோ நல்லா யோசிச்சிருக்கான் என்றார்.

"ஆபரேஷன் பண்ணிக்கறீங்களா ஐயா? இப்ப இருக்கற தெளிவு நிக்காது. நாலு நாளோ, அஞ்சு நாளோ. திரும்ப நீர் சேர்ந்துடும்."

அப்பா தலையாட்டினார். "என் வீட்டுக்காரிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன் டாக்டர்."

டாக்டர் பெரியவளைப் பார்த்தார். பெரியவள் கட்டில் கம்பியைப் பார்த்தாள்.

நடைபாதைக்கு வந்ததும் சின்னவன் படபடத்தான். இன்றைக்குச் சொல்லக்கூடாது, சொன்னால் இடிந்துபோய் வேண்டாம் என்று சொல்லிவிடுவார், அம்மாவிடம் போனில் கேட்டோம், சரி என்றுவிட்டாள் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம் என்றான். டாக்டர் அவனைப் பேசி முடிக்கவிட்டார்.

"அவர் தெளிவா இருக்கும்போது அவரையே கேட்கணும். பொய் சொல்லி வாங்கற கையெழுத்து எனக்கு வேண்டாம். ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சா, கண் முழிச்சதும் அவர் முதல்ல தேடப்போறது அவங்களைத்தான். அப்ப என்ன சொல்லுவீங்க?"

டாக்டர் போனதும் சின்னவன் அக்கா பக்கம் திரும்பினான். நான் கீழே போய் ஃபாரம் வாங்கிக்கொண்டு வருகிறேன், வரிசை நீளமாக இருக்கும், அதுவரை பேச்சை மாற்றிக்கொண்டே இரு, உனக்கென்ன, பத்து மாதப் பழக்கம் என்றான். குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. ஆனாலும் சொல்லிவிட்டான்.

அவள் உள்ளே போனபோது அப்பா காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"உங்கம்மா எங்கே?"

"பெரியம்மா வீட்டுக்குப் போயிருக்காங்க." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"எப்ப போனா?"

இந்தக் கேள்வி புதிது. அவள் பதில் தேடுவதற்குள் அவர் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். உன் பெரியம்மாவுக்கும் இவளுக்கும் ஒரு வேளை சாப்பாட்டுக்குமேல் ஒத்துப்போனதில்லை, காலையில் போனால் சாயங்காலம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பி வருகிறவள், நீயோ என் சட்டையெல்லாம் துவைக்கிறாய், என் வீட்டிலேயே படுக்கிறாய், உன் புருஷனைக் காணவில்லை. ஒவ்வொன்றாக விரலை மடக்கினார். அப்புறம் மடக்கிய விரல்களைப் பிரிக்காமலே கேட்டார்.

"பாப்பா, என்னைப் பார்த்துச் சொல்லு."

அவள் பார்த்தாள். பத்து மாதத்தில் அந்தக் கண்கள் எதிலும் இப்படி ஊன்றி நின்றதில்லை.

"அம்மா இறந்துட்டாங்கப்பா. பத்து மாசமாச்சு."

உங்கள் கண்ணாடி தயார், வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று வாடிக்கையாளருக்குப் போன் செய்கிற அதே குரலில் அதைச் சொன்னாள். தன் காதுக்கே அப்படித்தான் கேட்டது.

நெஞ்சில் அடித்துக்கொள்ளப் போகிறார் என்று அவர் கையைப் பிடிக்கத் தயாராக நின்றாள். அவர் அடித்துக்கொள்ளவில்லை. அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்டார். என்ன ஆச்சு? மாரடைப்பு. யார் பார்த்தது? நான்தான், வேலை முடிந்து வந்து பார்த்தேன். நான் இருந்தேனா? இருந்தீர்கள்.

"நான் என்ன பண்ணினேன்?"

சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். "வந்தவங்களுக்கெல்லாம் நாற்காலி போடச் சொன்னீங்க. உட்காருங்க, அவ குளிச்சிட்டு வந்துடுவான்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லிட்டிருந்தீங்க."

அவர் முகம் சுருங்கி மெல்ல விரிந்தது. எழுந்தார், யார் உதவியும் இல்லாமல். ஜன்னல்வரை நடந்து போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்து நின்றார். கீழே யாரோ காரைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அது போனபிறகு பேசினார்.

"துணி மிஷின் ஓடிட்டிருந்தது."

உண்மைதான். அன்றைக்குப் பெரியவள் போனபோது மிஷின் நின்றிருந்தது, உள்ளே ஈரத்துணி அப்படியே கிடந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

"அந்த மிஷின் பக்கத்துலயே தரையில உட்கார்ந்துட்டா. ஒரு மாதிரி இருக்குங்க, பெரியவளுக்குப் போன் போடுங்கன்னா. சரின்னு எழுந்தேன். போன் உள்ரூம்ல. ரூம் வாசல்ல கால் நின்னுடுச்சு, வரவே மாட்டேங்குது. எப்படியோ தாண்டிட்டேன். போனைக் கையில எடுத்துட்டேன் பாப்பா. எடுத்தேன். எதுக்கு எடுத்தேன்னு தெரியல. உட்கார்ந்துட்டேன்."

ஜன்னல் கம்பியை மறு கைக்கு மாற்றிப் பிடித்தார்.

"இன்னொரு தடவை கூப்பிட்டா. என்னன்னு கேட்டேன். பதில் வரல. வேலையா இருக்கான்னு விட்டுட்டேன்."

அன்று மாலை கதவைத் திறந்தபோது அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்ததும், மடியில் அம்மாவின் போன் இருந்ததும் பெரியவளுக்கு இப்போது கண்முன் வந்தது. அதை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு, அம்மா எங்கேப்பா என்று அவள்தான் கேட்டாள். உள்ளே இருக்கிறாள் என்றார் அவர்.

அன்றைக்கு வருவதாக அம்மாவிடம் சொல்லியிருந்தும், ஒரு வாடிக்கையாளரின் லென்ஸைத் தேய்த்து முடித்துவிட்டு வருவதற்காக அவள் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தாள். துக்கம் நடந்த வாரத்தில் ஒரு நாள் சின்னவன், நீ நேரத்தோட வந்திருந்தா அம்மா இருந்திருப்பாங்க அக்கா என்று சொல்லிவிட்டான். மறுநாள் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டான். அவளும் பரவாயில்லை என்றாள். சொல் மட்டும் போகவில்லை, மீன்முள் மாதிரி தொண்டையில் நின்றுவிட்டது.

அப்பாமேல் கோபம் வருகிறதா என்று உள்ளே துழாவிப் பார்த்தாள். இல்லை. தன்மேல் இருந்த பாரம் இறங்கிவிட்டதா என்றும் பார்த்தாள். இறங்கியதாகவும் தெரியவில்லை. அப்பாவின் முதுகில் ஊசி போட்ட இடத்தில் ஒட்டியிருந்த பஞ்சு சட்டைக்கு மேலே புடைத்துத் தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லிஃப்டுல ஆள் மாட்டிக்கிட்டாங்கன்னு போன் வந்தா, சோத்துல கை வச்சிருந்தாலும் அப்படியே எழுந்து ஓடுவேன். உங்கம்மா திட்டுவா. ஊர்ல யார் கூப்பிட்டாலும் ஓடறீங்களே, நான் கூப்பிட்டா மட்டும் காது கேட்காதான்னு." அவர் ஜன்னலிலிருந்து திரும்பினார். "எனக்கு ஆபரேஷன் வேண்டாம்."

"அப்பா..."

"நாலு நாள்ல மறந்துடும்னு சொன்னாங்களே. மறக்கட்டும். இதைத் தெரிஞ்சு வச்சுக்கிட்டு நான் எப்படிம்மா உட்கார்ந்திருப்பேன்? கேட்கற நேரத்துக்கெல்லாம் பெரியம்மா வீடுன்னு சொல்லு. போதும்."

தப்பு உங்கள் பேரில் இல்லை, நோய் செய்த வேலை என்று சொல்லலாம். டாக்டரே வந்து சொல்லுவார். அது அவருக்கும் தெரியாமல் இல்லை. பெரியவள் கட்டிலில் உட்கார்ந்தாள். வாயைத் திறக்கும்வரை என்ன சொல்லப்போகிறோம் என்று அவளுக்கே தெரியாது.

"தினம் நாலு தடவை, அஞ்சு தடவை சொல்றேன்பா, பெரியம்மா வீட்டுக்குப் போயிருக்காங்கன்னு. சொல்லிச் சொல்லி எனக்கே அம்மா சாகலை. துணியை மடிச்சு அலமாரில வைக்கறப்ப, அவங்க வந்தா இப்படி மடிச்சதுக்குத் திட்டுவாங்களேன்னு தோணுது. நான் இன்னும் அழலைப்பா. யார்கூட உட்கார்ந்து அழறது? தம்பி வந்தா அவனே பேசிட்டுப் போயிடுவான். அம்மாவை என் அளவுக்குத் தெரிஞ்சவர் நீங்க ஒருத்தர்தான். நீங்களும் மறந்துட்டா நான் திரும்ப அந்தப் பொய்க்குள்ள போய் உட்காரணும். என்னால முடியல."

குரல் உடையவில்லை. கண்ணில் நீர் இல்லை. அதனாலேயே அப்பாவால் அவளைப் பார்க்க முடியாமல் போயிருக்க வேண்டும். அவர் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். கட்டில் கிறீச்சிட்டது. இரண்டு பேரும் ஒரே தரையைப் பார்த்தபடி இருந்தார்கள்.

அவர் கை வந்து அவள் மணிக்கட்டைப் பற்றியது. பிடி கெட்டியாக இருந்தது, திருகுசாவி பிடித்த கை.

"தம்பிக்குத் தெரியுமா?" என்றார்.

எது என்று அவள் கேட்கவில்லை. "தெரியாது. நான் லேட்டா வந்ததாலதான்னு நினைச்சிட்டிருக்கான்."

"நீயா?"

"ஆமாம்."

அவர் பிடி ஒரு முறை இறுகித் தளர்ந்தது.

அப்போதுதான் கதவைத் தள்ளிக்கொண்டு சின்னவன் வந்தான். ஒரு கையில் ஃபாரம், இன்னொரு கையில் தேநீர்க் குவளைகள் மூன்றை விரலிடுக்கில் கோத்துப் பிடித்திருந்தான். வரும்போதே பேச்சு. அடுத்த புதன்கிழமை ஆபரேஷன் தியேட்டர் காலியாக இருக்கிறதாம், இன்றைக்கே எழுதிக் கொடுத்தால் இடம் உறுதி, கீழே ஒரு குமாஸ்தா இருக்கிறான், அவனை டிப்போவில் வைத்திருந்தால் ஒரு வண்டிகூட வெளியே போகாது என்று சொல்லிக்கொண்டே தேநீரை வைத்தான். பேனா மூடியைப் பல்லால் கழற்றி, ஃபாரத்தை அப்பாவிடம் நீட்டினான். அம்மாவிடம் போனில் கேட்டாயிற்று என்று சொல்ல வாயெடுத்தவன், இருவர் முகத்தையும் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

அப்பா ஃபாரத்தை வாங்கவில்லை.

"உட்காருடா. உங்கம்மா போன அன்னைக்கு வீட்டுல என்ன நடந்ததுன்னு சொல்றேன். முழுசாக் கேளு. கேட்டதுக்கப்புறமும் இதை என்கிட்ட நீட்டணும்னு உனக்குத் தோணினா, நீட்டு. கையெழுத்துப் போடறேன்."

சின்னவன் அக்காவைப் பார்த்தான். என்ன இது, சொல்லிவிட்டாயா என்று அவன் கண் கேட்டது.

அவள் தடுத்திருக்கலாம். அப்பா களைத்துப் போயிருக்கிறார், நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கலாம். பொய் நாக்கு நுனியில் தயாராகத்தான் இருந்தது. சின்னவன் இதைத் தாங்குவானா, அப்பாவை இனி எந்தக் கண்ணோடு பார்ப்பான், ஒன்றும் அவளுக்குத் தெரியவில்லை.

காலால் நாற்காலியைத் தம்பி பக்கம் தள்ளினாள்.

அவன் உட்கார்ந்தான். ஃபாரம் அவன் முழங்காலில் இருந்தது. அப்பா தொண்டையைச் சரிசெய்துகொண்டு, எந்த அவசரமும் இல்லாமல் ஆரம்பித்தார்.

"காலையில நல்லாத்தான் இருந்தா."